மே மாதமா, மெய் மாதமா? ஆங்கில உச்சரிப்புக் கேள்வி பதில்

சென்ற இதழில் ஆங்கில உயிரொலிகளைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன். டிஃப்தாங் என்ற சொல்லை விளக்காமல் விட்டுவிட்டீர்களே என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தமிழ் எழுத்தில்தான் வரும். குழப்பம் வரும் இடத்தில் பொருளையோ எழுத்துக்கூட்டலையோ சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு உயிரெழுத்து பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அது டிஃப்தாங் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் தலை என்று பொருள்படும் 'ஹெட்' டிஃப்தாங்தானே? அதில் ஈ, ஏ என்று இரண்டு எழுத்து இருக்கிறதே! (கல்லூரி மாணவி)

இல்லை. எழுத்தைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள். 'ஹெட்'டில் எழுத்து இரண்டு, ஒலி ஒன்றுதான், நம் எகரம். 'நான்' என்று பொருள்படும் 'ஐ' இருக்கிறதே, அதில் எழுத்து ஒன்றே ஒன்று, ஆனால் அது அசல் டிஃப்தாங். தமிழில் கூட்டுயிர் என்று சொல்லலாம், நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

ஒரு உயிரொலியைத் தொடங்கி முடிக்கும்வரை நாக்கும் உதடும் தாடையும் ஒரே நிலையில் நின்றால் அது தனி உயிர். ஓரிடத்தில் தொடங்கி, அதே அசைக்குள்ளேயே இன்னோர் இடத்தை நோக்கி வழுக்கிக்கொண்டு போனால் அது கூட்டுயிர். அதே அசைக்குள் என்பதைக் கவனியுங்கள். 'பீயிங்' என்ற சொல்லில் ஈயும் இயும் அடுத்தடுத்து வந்தாலும் இரண்டும் வேறு வேறு அசை, அதனால் அது கூட்டுயிர் ஆகாது.

இது நமக்குப் புதுச் சமாச்சாரமும் இல்லை. ஐ, ஔ இரண்டும் கூட்டுயிர்கள்தான். 'அகர இகரம் ஐகாரம் ஆகும்', 'அகர உகரம் ஔகாரம் ஆகும்' என்று தொல்காப்பியத்திலேயே நூற்பா இருக்கிறது, அதாவது அ-வில் தொடங்கி இ-க்குப் போனால் ஐ, அ-வில் தொடங்கி உ-வுக்குப் போனால் ஔ. பேனாவில் ஊற்றும் 'மை'யைச் சொல்லிப் பாருங்கள், 'என்னுடைய' என்ற பொருளில் வரும் ஆங்கில 'மை'க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

சந்தேகம் வந்தால் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன், கேட்க வேடிக்கையாகவும் இருக்கும். போனில் உங்கள் குரலைப் பதிவு செய்து, ஒலியைத் தலைகீழாக ஓட்டும் ஏதாவது ஒரு செயலியில் போடுங்கள். ஈ என்று இழுத்துச் சொன்னால் தலைகீழாகவும் ஈ என்றுதான் கேட்கும், ஏனென்றால் அங்கே நகர்வே இல்லை. 'ஐ' என்று சொல்லிப் போட்டால் 'யா' என்று கேட்கும். 'சொல்' என்று பொருள்படும் 'ஸெய்' என்பதை ஆங்கிலேயர் சொல்கிறபடி சொல்லித் திருப்பினால் அசப்பில் 'யெஸ்' என்றே விழும். அதே சொல்லை நம் வழக்கப்படி 'ஸே' என்று நீட்டித் திருப்பிப் பாருங்கள், 'ஏஸ்' என்றுதான் வரும், முன்னால் ய் வராது. கணினி இருக்கிறவர்கள் 'பிராட்' என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் போயர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கியது, ஒலியியல் படிக்கிறவர்கள் கையில் எப்போதும் இருக்கும். அதில் ஒலியைப் படமாகப் பார்த்தால் தனி உயிரின் கருப்புப் பட்டைகள் படுக்கை வசத்தில் நேராகப் போகும், கூட்டுயிரில் ஏறும் அல்லது இறங்கும்.

இன்னொன்று, ஆங்கிலக் கூட்டுயிரின் இரண்டு பாதிகளும் சமம் இல்லை. முதல் பாதிதான் நீளம், அழுத்தம் எல்லாம். இரண்டாம் பாதியைத் தொட்டும் தொடாமல் விட்டுவிட வேண்டும். மேற்கத்திய சேர்ந்திசைக் குழுக்களில் இதைத்தான் முதலில் சொல்லித்தருவார்கள். 'டெய்' என்று ஒரு நீண்ட ஸ்வரம் வந்தால் 'டெ...' என்று கடைசிவரை பிடித்துவிட்டு, நிறுத்தும் நொடியில்தான் அந்த இகரச் சாயலைச் சேர்க்க வேண்டும். முன்னாடியே சேர்த்தால் பாட்டு இழுவையாகிவிடும்.

ஆங்கிலத்தில் மொத்தம் எத்தனை கூட்டுயிர்கள்? எட்டு என்கிறார் ஒருவர், ஐந்து என்கிறார் இன்னொருவர். (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர்)

தேர்வில் கேட்டால் எட்டு என்று எழுதிவிட்டு வாருங்கள். பிரிட்டிஷ் உச்சரிப்பைப் பாடப்புத்தகங்கள் கணக்கிடும் முறையில் தனி உயிர் 12, கூட்டுயிர் 8, ஆக மொத்தம் 20. அதோடு 24 மெய்யொலிகளைச் சேர்த்தால் அந்தப் பிரபலமான 44 வந்துவிடும்.

எட்டில் ஐந்து, வாய் மூடும் பக்கம் போகிறவை. 'டே'யில் வருவது, 'மை'யில் வருவது, 'பாய்' என்று நாம் எழுதும் பையனில் வருவது (இதன் தொடக்கம் ஆ இல்லை, ஒ, 'போய்' என்று சொல்வதற்குப் பக்கத்தில் வரும்), 'கோ'வில் வருவது, 'நௌ'வில் வருவது. மீதி மூன்றும் நடு வாய்க்குப் போய் அடங்குகிறவை: காதைக் குறிக்கும் 'இயர்', முடியைக் குறிக்கும் 'ஹேர்', ஏழையைக் குறிக்கும் 'புவர்'. கடைசி ர்-ஐ பிரிட்டிஷ்காரர்கள் விழுங்கிவிடுவார்கள், அந்த இடத்தில்தான் இந்த மூன்றும் பிறந்தன. அமெரிக்கர்கள் ர்-ஐ முழுசாகச் சொல்வதால் அவர்கள் கணக்கில் இந்த மூன்றும் கிடையாது, ஐந்து என்றவர் அந்தக் கணக்கைச் சொல்லியிருப்பார்.

அப்புறம், பிரிட்டனிலேயே இந்த மூன்றும் கரைந்துகொண்டிருக்கின்றன. 'ஹேர்' இன்றைய இளைஞர்கள் வாயில் நகர்வே இல்லாத ஒரு நீண்ட எகரம். 'புவர்' பலரிடம் 'போ' ஆகிவிட்டது. 20 என்ற எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன், அது ஒரு காலத்து, ஒரு வட்டாரத்துக் கணக்கு.

சார், லண்டன் வாடிக்கையாளர்களோடு போனில் பேசும் வேலை எனக்கு. ஒருநாள் 'பேட்டரி லோ' என்றேன், அவர் 'லா?' என்று திருப்பிக் கேட்டார். சட்டத்துக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்? நான் தெளிவாக 'லோ' என்றுதான் சொன்னேன். (வாடிக்கையாளர் சேவையில் இருக்கும் வாசகர்)

தெளிவாகச் சொன்னதுதான் சிக்கல். நீங்கள் சொன்னது அப்பழுக்கில்லாத தமிழ் ஓ. உதடு குவிந்து, நாக்கு பின்னால் போய், கடைசிவரை அசையாமல் நிற்கிற ஒலி. துரதிருஷ்டம் என்னவென்றால் இன்றைய தென் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட அதே ஒலிதான் 'சட்டம்' என்ற சொல்லில் வருகிறது. நாம் 'லா' என்று எழுதுகிறோம், அவர்கள் வாயில் அது 'லோ'வுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 'தாழ்ந்த' என்று பொருள்படும் சொல்லோ அவர்களுக்குக் கூட்டுயிர். நடு வாயில் ஒரு தளர்ந்த அகரத்தில் தொடங்கி உகரத்துக்குப் போகும், எழுதிக் காட்டினால் 'லஉ' மாதிரி. ஆக நீங்கள் 'லோ' என்றால் அவர் காதில் சட்டம். ஒருவேளை சட்டத்தைப் பற்றிப் பேச நேர்ந்து 'லா' என்று சொல்லியிருந்தால், அவருக்கு மேற்கத்திய 'டோ ரே மீ' ஸ்வர வரிசையில் வரும் மாதிரி ஒரு 'லா' கேட்டிருக்கும், அதற்கும் முழித்திருப்பார்.

இந்த ஒரே இடறலில் மாட்டும் சொற்கள் ஏராளம். மேலங்கியான கோட், பிடித்தான் என்ற பொருளில் வரும் சொல்லாகக் கேட்கும். படகான போட், வாங்கினேன் என்றாகிவிடும். 'இல்லை' என்பதற்கான 'நோ' கூட, கொறிப்பது என்ற பொருளுள்ள ஒரு சொல்லாக விழும், ஆனால் அங்கே யாரும் குழம்ப மாட்டார்கள், பேச்சின் போக்கு காப்பாற்றிவிடும். 'பேட்டரி லோ' மாதிரி இரண்டே சொல்லில் பேசும்போதுதான் காப்பாற்ற ஆள் இல்லை.

என்ன செய்யலாம்? பலரும் சொல்வதற்கு எதிராகத்தான் நான் சொல்வேன். உங்கள் தமிழ் ஓ-வைத் திருத்தாதீர்கள். அதை அப்படியே எடுத்து 'லா, டாக், வாக், கால், ஹால், பால்' என்று நாம் ஆ போட்டு எழுதும் இடங்களில் வையுங்கள். பேசு என்ற சொல் 'டோக்', நட என்ற சொல் 'வோக்', கூப்பிடு என்ற சொல் 'கோல்'. கேட்க முதலில் கூச்சமாக இருக்கும், பிரிட்டிஷ் காதுக்கு அதுதான் சரி. இப்படி ஓ இடம் மாறிவிட்டால், 'லோ, கோட், நோ' இவற்றுக்குப் புதிதாக ஓர் ஒலி பழகியே ஆக வேண்டும். பாதி வேலையை மட்டும் செய்தால் குழப்பம் இரண்டு மடங்காகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், 'நட'வும் 'விழித்தான்' என்பதும் ஒரே 'வோக்' ஆகிவிடும்.

புது ஒலிக்குப் பயிற்சி இப்படி. 'அபௌட்' என்ற சொல்லின் முதல் அகரத்தைச் சொல்லுங்கள். அழுத்தமே இல்லாமல், நாக்கு சும்மா கிடக்க, உதடு குவியாமல். அதிலேயே நின்றுகொண்டு மெதுவாக உதட்டைக் குவித்து உ-வுக்குக் கொண்டுபோங்கள். கண்ணாடியில் பார்த்தால் உதடு முதலில் தட்டையாகவும் முடிவில் வட்டமாகவும் தெரிய வேண்டும், தொடக்கத்திலேயே வட்டமாக இருந்தால் பழைய ஓ திரும்பிவிட்டது என்று அர்த்தம். இரண்டு எச்சரிக்கை. தாடையை அதிகம் திறந்து தொடங்கினால் 'நோ' என்பது 'நௌ' ஆகிவிடும், 'இல்லை' என்று சொல்ல நினைத்து 'இப்போது' என்று சொல்லிவிடுவீர்கள். முடிவில் கீழுதடு மேல்பல்லைத் தொட்டால் வ் வந்துவிடும், தொடக் கூடாது.

ல்-க்கு முன்னால் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. நிலக்கரியைக் குறிக்கும் 'கோல்', ஓட்டையைக் குறிக்கும் 'ஹோல்' போன்றவற்றில் பிரிட்டிஷ்காரர்களே நடு வாயில் தொடங்குவதில்லை, பின்னால் ஒ-வில் தொடங்கி உ-வுக்குப் போகிறார்கள்.

அமெரிக்கர்களோடு பேசினால் கதை வேறு. அவர்கள் 'லோ'வை ஒ-வில் தொடங்கி உ-வில் மூடுகிறார்கள். 'ஒவ்வொரு' என்பதன் முதல் அசையை வ் முழுதாக வருவதற்குள் நிறுத்திப் பாருங்கள், அதுதான். சட்டத்தை அவர்களில் பலர் நம்மைப் போலவே 'லா' என்கிறார்கள், அதனால் அங்கே எதையும் இடம் மாற்ற வேண்டாம். லண்டனையும் சிகாகோவையும் ஒரே ஷிஃப்டில் சமாளிப்பவர்கள் அமெரிக்க ஒலியையே வைத்துக்கொள்ளலாம், லண்டன்காரருக்கு அது பழக்கமான ஒலிதான்.

மே மாதத்தை 'மெய்' என்று சொல்ல வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் பேசுவதைக் கேட்டேன், அவர் நம்மைப் போல 'மே' என்றுதான் சொன்னார். ஆஸ்திரேலியர் சொன்னால் 'மை' மாதிரி கேட்கிறது. எதுதான் சரி? (ஒரு வாசகி)

மூன்றும் சரி. நீங்களே நன்றாகக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட இங்கிலாந்தின் சில பகுதிகள், கரீபியன் தீவுகள், இந்தியா என்று பல இடங்களில் இந்த ஏ அசையாத தனி உயிர்தான். லண்டனிலும் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் எ-யில் தொடங்கி இ-யை நோக்கிப் போகும். ஆஸ்திரேலியாவில் தொடக்கமே இன்னும் கீழே, அகரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் 'டுடே' என்பது நம் காதில் 'டுடை' என்று விழுகிறது. அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் நேர் எதிர் வேலை நடக்கிறது, 'மை' என்ற கூட்டுயிர் நகர்வை விட்டுவிட்டு 'மா' என்ற தனி உயிராக நிற்கும்.

லண்டன் மாதிரிதான் வேண்டும் என்றால் தமிழர்களுக்கு இது ரொம்பச் சுலபம். மெய், செய், நெய், பெய் என்று எத்தனை சொற்கள் வைத்திருக்கிறோம்! உண்மையைக் குறிக்கும் 'மெய்'யைச் சொல்லிவிட்டு மாதத்தின் பெயரையும் அப்படியே சொல்லுங்கள், முடிவில் ய்-ஐ மட்டும் அழுத்தாமல் விடுங்கள். 'செய்' என்பதன் முதலெழுத்தை ஸ் ஆக்கினால் 'ஸெய்' வந்துவிட்டது. உங்கள் பயிற்சியாளர் சொன்னது நல்ல உத்தி, 'மே' தப்பு என்று அவர் சொல்லியிருந்தால் மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஓ-வில் நடக்கும் மாதிரி இங்கே வேறு சொல்லோடு மோதல் வருவது அபூர்வம்.

என் மகள் பள்ளியில் 'லாங் ஏ', 'ஷார்ட் ஏ' என்று சொல்லித்தருகிறார்கள். 'கேக்'கில் வருவது லாங், 'கேட்'டில் (பூனை) வருவது ஷார்ட் என்கிறார்கள். ஷார்ட்டை நீட்டினால் லாங் வரவில்லையே! (ஒரு தாய்)

வரவே வராது. பூனையில் வரும் ஒலியை எவ்வளவு நேரம் இழுத்தாலும் அது ஏ ஆகாது. நம் குறில் நெடில் போல மாத்திரைக் கணக்கு இல்லை அது. பள்ளிகளில் 'லாங்' என்றால் அந்த எழுத்தின் பெயர் எப்படி ஒலிக்கிறதோ அந்த ஒலி, அவ்வளவுதான். ஐந்து எழுத்துப் பெயர்களில் ஏ, ஐ, ஓ மூன்றும் கூட்டுயிர்கள். ஈ தனி உயிர். யூ என்பது ய் என்ற மெய்யோடு சேர்ந்த ஊ. குழந்தையிடம் இதையெல்லாம் விளக்க வேண்டாம், 'லாங் ஏ என்றால் எழுத்து தன் பெயரைச் சொல்கிறது' என்று சொன்னால் போதும், அவள் பிழைத்துக்கொள்வாள்.

ஒரு எழுத்துக்கு ஒரு ஒலி என்று வைத்திருக்கக் கூடாதா இந்த ஆங்கிலேயர்கள்? ஐ என்ற எழுத்து மற்ற ஐரோப்பிய மொழிகளில் இ, ஈ என்று ஒழுங்காக ஒலிக்கும்போது ஆங்கிலத்தில் மட்டும் ஏன் ஐ? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

ஐயா, வைத்திருந்தார்கள், ஏறக்குறைய. சுமார் 1400 வரை ஆங்கிலத்திலும் அந்த எழுத்து ஈ என்றுதான் ஒலித்தது. நேரத்தைக் குறிக்கும் சொல் 'தீம', பெயரைக் குறிக்கும் சொல் 'நாம', வீடு 'ஹூஸ்', நிலா 'மோன்' என்பது போல ஒலித்தன. அதன் பிறகு சுமார் முந்நூறு ஆண்டுகளில் நெடில் உயிர்கள் எல்லாம் வாய்க்குள் ஒரு படி மேலே ஏறின. ஆ ஏறி ஏ-யின் இடத்துக்கு வந்தது, ஏ ஏறி ஈ-யின் இடத்துக்கு, ஓ ஏறி ஊ-வின் இடத்துக்கு. ஏற்கெனவே உச்சியில் இருந்த ஈயும் ஊவும் எங்கே போகும்? மேலே இடமில்லாமல் உடைந்து கூட்டுயிர்களாகி, கடைசியில் ஐ, ஔ ஆகிவிட்டன. 'டைம்', 'ஹௌஸ்' பிறந்த கதை இதுதான். டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1909இல் இதற்கு 'பெரும் உயிரொலிப் பெயர்ச்சி' என்ற பொருளில் பெயர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது.

எழுத்து ஏன் கூடவே மாறவில்லை என்றால், வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கிவிட்டார். பெயர்ச்சி பாதி வழியில் இருக்கும்போதே எழுத்துக்கூட்டல் அச்சில் இறுக ஆரம்பித்துவிட்டது. ஸ்காட்லாந்து வட்டார வழக்கில் இன்றும் வீட்டை 'ஹூஸ்' என்பவர்கள் இருக்கிறார்கள், ஊ அங்கே உடையவில்லை.

உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு தகவல், 'நேம்', 'கோட்' இரண்டும் கூட்டுயிர் ஆனது இந்தப் பெயர்ச்சிக்கும் பிறகு, ஏறத்தாழ 1800 வாக்கில்தான். அதற்கு முன்னால் லண்டனிலேயே நீண்ட தனி உயிர்கள்தான். நம் பிள்ளைகள் சொல்லும் 'நேம்' பழைய ஆங்கிலேயர் காதுக்கு அந்நியமாக இருந்திருக்காது.

ஒரு அகராதியில் 'டே'க்கு இரண்டு குறிகள் சேர்த்துப் போட்டிருக்கிறது. இன்னொன்றில் ஒரே எழுத்து, தலைமேல் ஒரு கோடு. அப்படியானால் இரண்டாவது அகராதி அதைத் தனி உயிர் என்கிறதா? (கல்லூரி மாணவர்)

இல்லை, குறியீட்டு முறை வேறு. இரண்டு குறி போடுவது சர்வதேச ஒலியியல் சங்கத்தின் முறை. 1886இல் பாரிஸில் தொடங்கிய சங்கம் அது. அதில் உயிர்க்குறி இரண்டு ஒட்டி வந்தால் கூட்டுயிர், ஒரு குறிக்குப் பின்னால் மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வந்தால் நீண்ட தனி உயிர். மெரியம் வெப்ஸ்டர் போன்ற அமெரிக்க அகராதிகள் தங்களுக்கென்று வேறு முறை வைத்திருக்கின்றன. தலைமேல் கோடு இருந்தால் அந்த எழுத்தின் பெயர் ஒலி என்று பொருள். 'லாங் ஏ' கேள்விக்குச் சொன்னதேதான் இங்கும். எந்த அகராதியானாலும் முன்பக்கத்தில் குறிவிளக்கம் இருக்கும், அதைப் பார்க்காமல் உள்ளே போகாதீர்கள்.

கண்களும் 'ஐஸ்', பனிக்கட்டியும் 'ஐஸ்'. பேச்சில் எப்படித்தான் வேறுபடுத்துகிறார்கள்? (ஒரு வாசகர்)

கண்களில் கடைசி ஒலி தேனீ ரீங்காரம் மாதிரி அதிர வேண்டும், பனிக்கட்டியில் அதிராது. இது எல்லாரும் சொல்வது. அதைவிட முக்கியமானதை யாரும் சொல்வதில்லை: உயிரின் நீளம். அதிராத மெய்க்கு முன்னால் ஆங்கில உயிர்கள் வெட்டுப்பட்டுக் குறுகும், அதிரும் மெய்க்கு முன்னால் முழு நீளமும் இருக்கும். பனிக்கட்டியில் அந்த ஐ சட்டென்று முடிந்துவிடும், கண்களில் சாவகாசமாக நகர்ந்து போகும். எழுது என்ற 'ரைட்', சவாரி என்ற 'ரைட்' இரண்டுக்கும் இதேதான். கடைசி மெய் சரியாக விழாவிட்டாலும் நீளத்தை வைத்தே கேட்பவர் பிடித்துக்கொள்வார். நாம் இரண்டையும் ஒரே அளவில் சொல்கிறோம், அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

'எக்ஸாம்' என்றால் 'யெக்ஸாம்' என்கிறேனாம், 'ஓன்லி'யை 'வோன்லி' என்கிறேனாம். காதையும் வருடத்தையும் ஒரே மாதிரி 'இயர்' என்கிறேனாம். நண்பர்கள் கிண்டல் தாங்கவில்லை. (முதல் வேலைக்குக் காத்திருக்கும் வாசகி)

கூட்டுயிர் சொல்ல வேண்டிய இடத்தில் தனி உயிர் சொல்வது ஒரு பக்கம் என்றால், தனி உயிருக்கு முன்னால் நாமாக ஒரு வழுக்கலைச் சேர்ப்பது இன்னொரு பக்கம். பேச்சுத் தமிழில் சொல்லின் முதலில் வரும் எ, ஏ-க்கு முன் மெல்லிய ய் ஒட்டிக்கொள்ளும், ஒ, ஓ-வுக்கு முன் வ் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் 'யெல்லாம்', ஒண்ணு 'வொண்ணு'. தமிழில் அது குற்றமே இல்லை, கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆங்கிலத்தில் ய் வந்தால் சொல்லே மாறிவிடும் இடங்கள் இருக்கின்றன, கிழக்கு 'ஈஸ்ட்', நொதிக்க வைப்பது 'யீஸ்ட்'.

தீர்வு, சொல்லைத் தனியாகத் தொடங்காமல் முந்தின சொல்லின் கடைசி மெய்யில் ஏற்றிவிடுவது. 'நெக்ஸ்ட் எக்ஸாம்' என்பதை 'நெக்ஸ்டெக்ஸாம்' என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள், ய் நுழைய இடமே இருக்காது. ஒரு காது என்றால் 'அன் இயர்', சேர்த்துச் சொன்னால் 'அனியர்'. ஒரு வருடம் என்றால் 'அ யியர்', இங்கே நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தை நெருங்கி ய்-ஐ நன்றாகவே அழுத்த வேண்டும். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பதிவு செய்து கேளுங்கள். கிண்டல் செய்கிற நண்பர்களையும் ஒருமுறை பதிவு செய்யுங்கள், பாதிப் பேர் உங்களைப் போலத்தான் சொல்வார்கள்.

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப்போகிறேன். நேரம் குறைவு. எட்டுக் கூட்டுயிர்களையும் பழகாமல் போனால் மதிப்பெண் போய்விடுமா? (ஒரு வாசகர்)

போகாது. பேச்சுத் தேர்வில் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கு அளவுகோல்கள், உச்சரிப்பு அதில் ஒன்று. அதிலும் பார்ப்பது புரிகிறதா என்பதைத்தான். நீங்கள் லண்டன்காரர் போல ஒலிக்க வேண்டியதில்லை. வேறு வேறு தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எது புரிதலைக் கெடுக்கிறது என்று ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், 2000இல் வெளியிட்ட தன் பட்டியலில் உயிர்களின் குறில் நெடில் வேறுபாட்டை முக்கியம் என்று வைத்தார், உயிரின் நுணுக்கமான சாயல்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். பறவையைக் குறிக்கும் 'பேர்ட்'டில் வரும் நடு வாய் நெடில் மட்டும் விலக்கு, அது சரியாக இருக்க வேண்டும் என்றார்.

நேரம் குறைவு என்பதால் என் வரிசை இது: முதலில் 'ஐஸ்' கேள்வியில் சொன்ன நீளம், அடுத்து 'லோ - லா' மோதல், பிறகு யெக்ஸாம். 'டே'யை 'டெய்' ஆக்குவது நேரம் மிச்சமிருந்தால். 'புவர்' சுத்தமாக வேண்டாம்.

'சொல்கிறான்' என்பது 'ஸேஸ்'ஸா, 'ஸெஸ்'ஸா? (அஞ்சலட்டையில் ஒரு வரி)

ஸெஸ். கடைசி ஒலி அதிர வேண்டும். 'ஸெய்' கூட்டுயிர், அதன் இறந்த காலம் 'ஸெட்', படர்க்கை 'ஸெஸ்', இரண்டும் குறில், தனி உயிர்.